கணக்கில் வராத கைவேலை

மட்டக்களப்பு நகரை அடுத்து வாவியைத் தொட்டுக் கிடக்கும் அமிர்தகழியை வெளியூரார் மாமாங்கேஸ்வரர் கோயிலை வைத்துத்தான் அறிவார்கள். ஆடி அமாவாசையன்று தீர்த்தக்குளத்தைச் சுற்றித் திரளும் சனம், தெருவடைத்த கடைகள், காப்பும் பலூனும் விற்கும் சத்தம். திருவிழாவின் பத்து நாளும் கழிந்தபின் ஊருக்குள் நடந்தால் வேறொரு சத்தம் கேட்கும். ஒழுங்கைக்குள் ஏதாவது ஒரு வீட்டு விறாந்தையில் தையல் மெசின் ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் பெயர்ப்பலகை தொங்காது. தேவைப்பட்டவர்களுக்கு வீடு தெரியும்.

டிசம்பரில் அந்த விறாந்தைகளுக்கு ஓய்வில்லை. "அக்கா, பள்ளிக்கூடம் தொடங்கிறதுக்குள்ள தந்திருவீங்கதானே?" என்று கேட்டபடி வெள்ளைத் துணியோடு தாய்மார் வருவார்கள். இலங்கை அரசு 1993 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையை இலவசமாகக் கொடுத்து வருகிறது. கொடுப்பது சட்டையை அல்ல, துணியை. 2016 தொட்டுச் சில ஆண்டுகள் அதற்குப் பதில் வவுச்சர் கொடுத்தார்கள். பிறகு மறுபடி துணிக்கே திரும்பினார்கள். துணியோ வவுச்சரோ, அதைச் சட்டையாக்கும் கூலி பெற்றோர் தலையில்தான். அந்தக் கூலிதான் ஊர்த் தையல்காரிக்கு ஆண்டின் பெரிய வரவு.

அதே பெண்ணின் அலுமாரியைத் திறந்தால் இன்னொரு வகைத் தையல் இருக்கும். பாதியில் நிற்கிற தலையணை உறை, புள்ளடித் தையலில் பூத்த இரண்டு ரோசாப்பூ, மூன்றாவதற்குப் பென்சில் கோடு மட்டும். வெட்டுத்துண்டுகளை இணைத்துத் தைத்துக்கொண்டு வரும் போர்வை. மெசினில் ஓடுவதற்குத் தையல் என்று பெயர், மடியில் வைத்துச் செய்வதற்குக் கைவேலை என்று பெயர். முன்னதற்குக் காசு வரும், பின்னதற்குப் பாராட்டு வரும். இந்தப் பிரிவினை இயற்கையானதுபோலத் தோன்றினாலும் அதற்கு இருநூறு ஆண்டுக்கு உட்பட்ட வரலாறுதான் உண்டு. கைவேலை இந்தத் தமிழ் நிலங்களுக்கு வந்தபோது அது காசுக்கான வேலையாகவும் இருந்தது.

அதற்கு முன்பு ஊசி பெண்ணுக்குரிய கருவி என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. சேலையும் வேட்டியும் தறியிலிருந்து அறுத்தபடி உடுப்பவை. அவற்றுக்குத் தையல் வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை அடுக்கும்போது துணி தைக்கிற துன்னகாரரையும் சேர்க்கிறது. அது சந்தையில் நடந்த தொழில், வீட்டு வேலை அல்ல. மட்டக்களப்பு வாவியில் வலை பொத்துகிறவர்கள் ஆண்கள். கரையில் குந்தி, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியைக் கண்ணுக்குக் கண் கொண்டுபோய் முடிச்சுப் போடுவதும் நுட்பமான ஊசிவேலைதான்.

கூத்து உடுப்பும் அப்படியே. வடமோடிக் கூத்தில் அரச பாத்திரங்கள் அணிகிற கரப்புடுப்பு, இடுப்பிலிருந்து விரிந்து நிற்க வளையங்களும் அவற்றின்மேல் துணி அடுக்குகளும் கொண்டது. அதில் சரிகை வைப்பார்கள், கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். விடியவிடிய ஆடும் ஆட்டத்தில் கிழிந்து போகாதபடி ஒவ்வொரு தையலும் இறுக வேண்டும். மரபுக் கூத்தில் ஆடியவர்கள் ஆண்களே. பெண் பாத்திரமும் அவர்களுடையதே. மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு போன்றவர்களின் எழுத்தில் ஆட்டத்தோடும் பாட்டோடும் இந்த உடையும் முடியும் இடம்பெறுகின்றன. ஆனால் ஊரில் யாரும் கரப்புடுப்பைக் கைவேலை என்று சொல்லிக் கேட்க முடியாது. அது கலை.

பிறகு பறங்கியர் வந்தார்கள். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயரோடு வந்த ரேந்தை (லேஸ்) பின்னும் கலையைத் தெற்கே காலி, வெலிகமப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். உருண்டைத் தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் போட்டுப் பின்னும் அந்த 'பீரலு' வேலை இன்றும் அங்கே நடக்கிறது. மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் விட்டுப்போனது மக்களை. மாமாங்கம், சின்ன உப்போடை, டச்பார் பகுதிகளில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் கத்தோலிக்கர். அவர்களின் கிரியோல் மொழியை இயன் ஸ்மித், டேவிட் ஜாக்சன், அண்மையில் ஹியூகோ கார்டோசோ என்று ஆய்வாளர் பலர் வந்து பதிவு செய்திருக்கிறார்கள். தச்சு, இரும்பு வேலை, மெக்கானிக், தையல் ஆகியவை அவர்களின் பரம்பரைத் தொழில்கள். மணப்பெண் சேலை கட்டாமல் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற சமூகத்தில் வெட்டவும் தைக்கவும் தெரிந்த கைகளுக்கு எப்போதும் வேலை இருந்திருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி டச்பாரை அடித்துக்கொண்டு போனது. அந்தச் சின்னச் சமூகம் இழந்தது மிக அதிகம்.

தமிழ்ப் பெண்பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுத்தது பள்ளிக்கூடம்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில், இங்கேயே இறந்தார். அவர் போட்ட வித்தில் மெதடிஸ்த மத்திய கல்லூரியும், பிறகு 1820ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் வின்சன்ட் மகளிர் பாடசாலையும் வளர்ந்தன. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. அதை நடத்தியவர் ஹாரியட் வின்சிலோ. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம். தையல் எதற்கு என்று அவ்வளவாகக் கேட்கவில்லை. பிள்ளை கையில் ஒரு பொருளோடு வீடு திரும்பினால் தாய்க்குச் சமாதானம் என்பதை மிஷனரிமாரின் மனைவியர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள்.

தமிழ் பேசும் நிலத்தில் இதன் பெரிய உதாரணம் நாகர்கோவில். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்ள்ஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் அங்கே வந்து சேர்ந்தார்கள். மார்த்தா பிறந்த ஹொனிட்டன், ரேந்தைக்குப் பேர்போன ஆங்கிலேய ஊர். தன் ஊர்த் தொழிலை அவர் விடுதிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னிய ரேந்தை ஐரோப்பியரிடம் விலைபோனது. பின்னிய பெண்ணுக்குக் கூலி கிடைத்தது. அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெலை 1844இல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தத் தொழிலும் கூடவே போனது.

ஊசி அங்கே செய்தது இதைவிடப் பெரிய காரியம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்றிருந்த காலம் அது. மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த தொளதொளத்த குப்பாயம் தோள்சீலைக் கலகத்தின் நடுவில் வந்து நின்றது. சந்தையில் சட்டையைக் கிழித்தார்கள், அடி விழுந்தது, வழக்கு நடந்தது. 1859இல்தான் அரசர் பிரகடனம் செய்து அந்தப் பெண்களைச் சட்டை போட அனுமதித்தார். தையல் வகுப்பை வீட்டு அலங்காரப் பாடம் என்று எழுதிவிட்டுப் போகிற வரலாற்றாசிரியர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பில் நாகர்கோவில் ரேந்தைபோலப் பேர்பெற்ற வணிகம் எழவில்லை. எழுந்தது பாடவேளை. அரச மானியம் பெற்ற பெண் பாடசாலைகளில் தையல் பரிசோதனைக்குரிய பாடமானது. பிறகு மனையியலுக்குள் போனது. பாடத்தின் உயிர் ஒரு மாதிரித் துணி. லேஞ்சியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைத் துண்டு. முதல் வரி நூலோட்டம், அடுத்தது பின்தையல், காம்புத்தையல், சங்கிலித்தையல், மீன்முள் தையல், புள்ளடி. கீழ்ப்பாதியில் ஒரு பொத்தான் துளை, ஓட்டைக்கு ஒட்டுப் போட்ட சதுரம், இழை ஓடிச் சேர்த்த கிழிசல். ஆசிரியை அதை வாங்கினால் முதலில் மறுபுறம் திருப்புவார். மேற்புறம் எல்லார்க்கும் அழகாக வரும். நூலை எங்கே தொடங்கினாள், முடிச்சுப் போட்டாளா, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலைக் குறுக்கே இழுத்துப் போனாளா என்பதெல்லாம் பின்புறத்தில் தெரியும். புள்ளடித் தையலில் இன்னொரு கண்டிப்பு: மேலே விழுகிற கால் துணி முழுவதும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறிச் சாய்ந்தாலும் வெளிச்சம் பட்டவுடன் அந்த இடம் மட்டும் நிறம் வேறாகக் காட்டும். பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

நூல் வந்த வழி நீளமானது. பிரான்சின் முல்ஹவுஸ் நகரத்தில் 1746இல் தொடங்கிய டிஎம்சி நிறுவனம் வண்ண நூலுக்கு எண் போட்டு உலகெங்கும் விற்றது. அந்த நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கிய தெரேஸ் டி டில்மோன் 1886இல் வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியம் பல மொழிகளில் போனது. ஒரு பூவைக் கட்டங்களாக உடைத்து அச்சிட்டால் மொழி தெரியாதவளும் எண்ணித் தைக்கலாம். அதே காலத்தில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பிப் பாபநாசத்தில் 1885இல் நூற்பாலை தொடங்கினார்கள். அவர்களின் மதுரை மில்லும் கோட்ஸ் நிறுவனமும் 1974இல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. ஆங்கர் என்ற பெயரில் தமிழ்ப் பெண்கள் அறிந்த பூத்தையல் நூல் கோட்ஸின் சரக்கு. ஆறு இழையை முறுக்கி வரும் அந்த நூலிலிருந்து இரண்டு இழையைப் பிரித்தெடுத்துத் தைப்பது புள்ளடியின் வழக்கம்.

மெசின் வந்ததும் கதை திசை மாறியது. ஐசாக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற பொறியை விற்கச் சிங்கர் நிறுவனம் 1877இல் கொழும்பில் கடை திறந்தது. கையூசிக்குக் கண் பின்னால். மெசின் ஊசிக்குக் கண் நுனியில். மேல்நூலோடு ஊசி துணியைத் துளைத்து இறங்கி, சற்று ஏறும்போது நூல் ஒரு சுருளாகத் தளரும். கீழே பொபின் நூலை வைத்திருக்கும் ஓடம் அந்தச் சுருளுக்குள் நுழைந்து போகும். இரு நூலும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு நீள ஓரத்தை மடித்துத் தைக்க அரைநாள் எடுத்த இடத்தில் சில நிமிடம் போதும் என்றானது. தவணைக்குப் பணம் கட்டி வாங்கலாம் என்ற வசதியையும் சிங்கர்தான் பெரிதாகப் பரப்பியது. 1924இல் கல்லடிப் பாலமும், அதற்குச் சில ஆண்டு கழித்து மட்டக்களப்புக்கு ரயிலும் வந்தன. கனமான இரும்புச் சாமானைக் கொழும்பிலிருந்து இறக்குவது அதன்பின் பெரிய பாடாக இருக்கவில்லை.

மட்டக்களப்பில் மெசின் போய் நின்ற வீடு யாருடையது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தக் கரையில் வீடு மகளுக்குப் போகிறது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். குடி என்ற தாய்வழிப் பிரிவு கோயில் உரிமை வரை செல்கிறது. அக்கா தங்கை அயலயலாக வாழும் அந்த அமைப்பில் ஒரு மெசின் ஒரு பெண்ணோடு ஒடுங்கிவிடாது. தாய் தைத்ததில் மகள் பழகுவாள். மூத்தவள் வெட்டித் தர இளையவள் ஓரம் அடிப்பாள். ஆனால் இதை வைத்துப் பெண்ணரசு நடந்ததாகக் கற்பனை பண்ணிவிட முடியாது. கிழக்கிலங்கையில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை ஆராய்ந்து கஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட நூல், வீட்டுரிமை தாய்வழியில் வந்தாலும் பெண்ணின் உழைப்புக்கும் வருமானத்துக்கும் அதனால் மட்டும் மதிப்பு வந்துவிடவில்லை என்று காட்டுகிறது.

கைவேலையைக் கிராமத்துப் பெண்களின் வருமானமாக்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கனடாவில் பிறந்து யாழ்ப்பாணத்தவரை மணந்த மருத்துவர் மேரி இரத்தினம் 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். தன் நாட்டு மாதர் சங்கங்களின் மாதிரியில் சுகாதாரம், தோட்டம், கைத்தொழில் எல்லாவற்றையும் ஊர்ப் பெண்களிடம் கொண்டுபோனார். 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1972இன் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அந்த ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது, துணிக்கே தட்டுப்பாடு. கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்து, அச்செழுத்துப் போகும்வரை அவித்துத் துவைத்து, தலையணை உறையும் உள்ளுடுப்பும் தைத்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. மருதமுனை, காத்தான்குடிக் கைத்தறிகள் அப்போது கிழக்குக்குக் கைகொடுத்தன.

பிறகு வந்தது சண்டை. 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி, அமிர்தகழிக்கு அயலிலுள்ள சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் கிராமத்தவர்களை இராணுவத்தினர் கூட்டிச்சென்று கொன்றார்கள். பலியானோர் 184 பேர் என்கிறது ஊரவர் பட்டியல். பெண்களும் குழந்தைகளும் அதில் அதிகம். மாவட்டம் முழுக்க ஆண்களை இழந்த வீடுகள் கூடின. இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை செய்ய 1991இல் கொழும்பில் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. தொண்டு நிறுவனங்கள் வந்தன. சுனாமிக்குப் பிறகு இன்னும் நிறைய வந்தன. வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த திட்டம் பெரும்பாலும் மூன்று: கோழி, ஆடு, தையல் மெசின்.

மெசின் கொடுத்தவர்களின் மனதில் குறை காண வேண்டியதில்லை. கணக்கில்தான் கோளாறு. ஒரே ஒழுங்கையில் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்துப் பத்து மெசினும் கொடுத்தால் தைப்பதற்குத் துணி எங்கிருந்து வரும்? சந்தையில் ஆயத்த உடுப்பு மலிவாக வந்து குவிந்திருந்தது. விதவை என்றால் தையல் என்று முடிவுகட்டியது யார் என்று மட்டக்களப்புப் பெண் செயற்பாட்டாளர்களே கேட்டிருக்கிறார்கள். பினோசே ஆட்சியில் ஆட்களைப் பறிகொடுத்த சிலி நாட்டுப் பெண்கள் 1970களில் பழந்துணியை ஒட்டித் தைத்த சித்திரங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் உதவியோடு வெளிநாடுகளுக்குப் போய் உலகறிந்த சாட்சியங்கள் ஆயின. மட்டக்களப்பில் கொடுத்த மெசின்கள் அப்படிப் பேசவில்லை. அவை பள்ளிச் சட்டை தைத்தன, பாவாடைக்கு நாடா வைத்தன, அயலவளின் இரவிக்கையைத் தளர்த்திக் கொடுத்தன. அந்தக் காசில் பிள்ளைகள் படித்தார்கள். சாட்சியத்துக்கு இருக்கிற மரியாதை இதற்கு ஏன் இல்லை என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

இப்போது மாவட்டத்தின் இளம்பெண்கள் பலரைப் புணாணை ஆடைத் தொழிற்சாலைக்குப் பஸ் வந்து ஏற்றிப்போகிறது. தொழிற்சாலைகளில் கழிகிற வெட்டுத்துண்டு இலங்கை முழுக்கக் கிலோ கணக்கில் விலைபோகிறது. கால்மிதியும் துண்டுப் போர்வையும் அதிலிருந்துதான் வருகின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றபோது மோட்டார் பூட்டிய மெசின்கள் எல்லாம் ஊமையாகின. பழைய கால்மெசினுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

அலுமாரியில் கிடக்கிற அந்த ரோசாப்பூத் தலையணை உறை ஏன் விலைக்குப் போகாது என்பதை ஒரு சின்னக் கணக்குச் சொல்லிவிடும். புள்ளடிக்கென்று நெய்த துணியில் வழக்கமான அளவு அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம். சதுர அங்குலத்துக்கு 196 புள்ளடி. பத்து அங்குலச் சதுரத்தை முழுக்க நிரப்பினால் 19,600. கைபழகியவள் மணிக்கு 150 போட்டாலும் 130 மணி நேரத்துக்கு மேல். பள்ளிச் சட்டைக்கு வாங்கும் கூலியை மணிக்கணக்கில் பிரித்து இதற்குப் போட்டால் வருகிற தொகையைத் தலையணை உறைக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆகவே அது மகளின் கலியாண வீட்டுக்கு, பேரப்பிள்ளையின் தொட்டிலுக்கு, வெளிநாட்டுத் தம்பி வீடுகுடிபுகும்போது அனுப்புகிற பொட்டலத்துக்கு என்று ஒதுங்குகிறது. பின்னேரச் சோறு வைத்தபின், மழைநாளில் ஆள் வராதபோது, நாலு வரி முன்னேறும்.

வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்பவர்களைத் தொழிலாளர்களாக நடத்தச் சொல்லும் சாசனத்தைச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1996இல் கொண்டுவந்தது. அதன் எண் 177. இலங்கை அதை ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும், அந்தச் சாசனம் முதலாளி ஒருவருக்காக வீட்டில் வேலை செய்பவரைப் பற்றியது. விறாந்தையில் இருந்து அயலட்டைக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற அமிர்தகழிப் பெண் அதற்குள்ளும் வரமாட்டாள்.